நாதஸ்வரத்தை ராக் மேடையில் ஏற்றுவது எப்படி, அப்புறம் வரும் சண்டையைக் கேட்பது எப்படி

பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் முதல் தடவையாக எங்கள் பேண்டில் நாதஸ்வரத்தை ஏற்றிய ராத்திரி, மைக் செட்காரர் வயரைச் சுருட்டி முடிப்பதற்குள் வாசலில் இருந்த சாயாக் கடையில் சண்டை தொடங்கிவிட்டது. மார்த்தாண்டத்தில் இருந்து பைக்கில் வந்திருந்த ஒரு பையன், "கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருந்து மக்கா" என்கிறான். நெய்யாற்றின்கரைக்காரன் ஒருத்தன், சங்கதி கொள்ளாம் (நல்லா இருக்கு), ஆனால் கிடார் எங்கே போச்சு என்கிறான். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் மடக்கி, "கிடாரை விடு, எனக்கு நாதஸ்வரமே கேக்கல, அவரு சும்மா கன்னத்த உப்பிக்கிட்டு நின்னாரு" என்கிறான். நான் பேஸ் கிடார் வாசிக்கிறவன், எங்கள் பேண்டின் ஒலி வேலையும் என் தலையில்தான். மூலையில் பழம்பொரி தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் ஒரே கச்சேரியைத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகமே வந்துவிட்டது.

மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் புரிந்தது. ஒருத்தன் இடது பக்க பாக்ஸுக்கு நேர் முன்னால், இன்னொருத்தன் மேடைக்கு ஒட்டி ஆசானின் (எங்கள் நாதஸ்வர வித்துவானை அப்படித்தான் கூப்பிடுவோம்) அணசு, அதாவது குழலின் விரிந்த முனை, பார்க்கிற திசையில், மூன்றாவது ஆள் பின்னால் பைக் நிறுத்திய இடத்தில், டிரம்மும் பேஸும் மட்டும் போய்ச் சேர்கிற மூலையில். அன்றைக்கு மேடையில் நான் செய்து வைத்திருந்த மூன்று தனித்தனித் தப்புகள் ஆளுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதன் பிறகு ஒவ்வொரு கச்சேரிக்குப் பின்னும் அந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். நாகர்கோவில் பக்கமும் திருவனந்தபுரம் பக்கமும் இப்போது நாலைந்து பையன்கள் இதையே செய்ய ஆசைப்பட்டுக் கேட்பதால், தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. ராக் மேடையில் எதிர்பாராத வாத்தியம் ஏறினால் ரசிகர்கள் அடித்துக்கொள்வது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1989-ல் கிராமி விருதில் ஹார்ட் ராக், மெட்டல் என்று முதல் தடவையாக ஒரு பிரிவு வைத்தார்கள். எல்லாரும் மெட்டல் பேண்டான மெட்டாலிகாவுக்கு என்று நினைத்திருக்க, புல்லாங்குழல் ஊதுகிற இயன் ஆண்டர்சனின் ஜெத்ரோ டல்லுக்குப் போய்விட்டது. கூட்டத்தில் இருந்தே கூச்சல். உடனே ஜெத்ரோ டல்லின் இசைத்தட்டு நிறுவனம் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு புல்லாங்குழலைக் கிடத்திப் படம் பிடித்து, புல்லாங்குழலும் கனமான உலோக (ஹெவி மெட்டல்) வாத்தியம்தான் என்று விளம்பரமே போட்டது. 1992-ல் மெட்டாலிகா விருது வாங்கியபோது அவர்களுடைய டிரம்மர் லார்ஸ் உல்ரிக் மேடையில் நின்று, இந்த வருஷம் ஆல்பம் போடாமல் இருந்ததற்கு ஜெத்ரோ டல்லுக்கு நன்றி என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். மூன்று வருஷம் ஆகியும் அந்தச் சண்டை ஆறவில்லை பாருங்கள்.

ஏசி/டிசி என்கிற ராக் பேண்டின் கதை இன்னும் நமக்குப் பக்கம். 1975-ல் அவர்கள் ஒரு பாட்டில் பேக்பைப் (பையில் காற்றை நிரப்பி ஊதும் குழல்) சேர்த்தார்கள். பாடகர் பான் ஸ்காட் சின்ன வயதில் பைப் பேண்டில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு, தயாரிப்பாளர் ஜார்ஜ் யங் அவரையே ஊதச் சொல்ல, அப்புறம்தான் தெரிகிறது அவர் அங்கே வாசித்தது டிரம் என்று. மனுஷன் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டு ஊதினார். அந்தப் பாட்டு பி ஃபிளாட் சுருதியில் இருக்கிறது, அது கிடாருக்கு வசதியான இடம் இல்லை, பேக்பைப்புக்கு உரிய இடம். குழலை இழுத்துக் கிடார் பக்கம் கொண்டுவர முடியாது, கிடார்தான் குழலைத் தேடிப் போக வேண்டும். நான் கீழே எழுதுவதில் பாதி இந்த ஒரு வரிதான்.

நாதஸ்வரமும் புதுசு இல்லை. அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரம் கற்று, ஜெர்மனியின் எம்ப்ரியோ என்கிற ராக் பேண்டோடு 1970-களிலேயே வாசித்திருக்கிறார். "இதெல்லாம் இப்ப வந்த பித்து" என்று யாராவது சொன்னால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஆளைப் பார்க்கப் போகும்போது

வித்துவானிடம் முதல் கேள்வி எத்தனை கட்டை, அதாவது குழலின் சுருதி எந்த உயரம், என்பதாக இருக்கட்டும், சம்பளப் பேச்சு அதற்கு அப்புறம். இப்போது பெரும்பாலும் கையில் இருப்பது பாரி நாதஸ்வரம், இரண்டரை அடிக்கு மேல் நீளம், சுருதி இரண்டு கட்டை அல்லது இரண்டரை கட்டை. பழைய திமிரி நாதஸ்வரம் நீளம் குறைவு, சுருதி அதைவிட நன்றாக மேலே, சத்தமும் கூர்மை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்துதான் இந்த நீளமான பாரியைக் கொண்டுவந்தார்கள். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராக் மேடைக்குப் பாரிதான். திமிரி, கரகரவென்று உறுமுகிற டிஸ்டார்ஷன் கிடாரோடு ஒரே உயரத்தில் மோதும், இரண்டும் சேர்ந்து காதைப் பதம் பார்க்கும்.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். தை முதல் சித்திரை வரை முகூர்த்தமும் திருவிழாவும் சேர்ந்து அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கமும் கும்பம், மீனம் என்று உற்சவக் காலம் அதே நேரத்தில்தான். நாங்கள் ஒரு தடவை பங்குனியில் தேதி வைத்துவிட்டு, காலையில் முகூர்த்தம், மதியம் இன்னொரு ரிசப்ஷன், ராத்திரி எங்கள் மேடை என்று அவரை ஓட வைத்தோம். மூன்றாவது பாட்டில் உதடு ஒத்துழைக்கவில்லை. அது அவர் குற்றமா என்ன.

சம்பளம் கிடார்காரருக்கு எவ்வளவோ அவ்வளவு. "கெஸ்ட்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுக் குறைத்துக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்தால் மேடை அதிரும் என்று எல்லாப் பையன்களுக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆசானிடம் கேட்டேன். "அது சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கறதாக்கும் மக்களே, நீங்க புகை விடறதுக்கு இல்ல" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் முடிவு, ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் வித்துவான், நீங்கள் இல்லை. அதே ராகத்தில் வேறு ஒரு புதுச் சங்கதியை அவரே போட்டுக் கொடுத்தார், இன்றைக்கும் அதில்தான் கச்சேரியைத் தொடங்குகிறோம்.

சுருதி, சுருதி, சுருதி

ரசிகர் சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது, ஆனால் யாரும் சுருதி என்கிற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். "என்னமோ ஒட்டல", "தனியா தெரியுது", "கல்யாண வீடு" என்றுதான் சொல்வார்கள்.

கணக்கு எளிது. இரண்டு கட்டை என்றால் மேற்கத்திய சுரத்தில் டி (D). கிடாரின் தடித்த தந்தியை மட்டும் ஈயில் இருந்து டிக்கு இறக்கினால் போதும், ராக்காரர்கள் ட்ராப் டி என்று தினமும் செய்வதுதான். இரண்டரை கட்டை என்றால் ஈ ஃபிளாட், எல்லாத் தந்திகளையும் அரை சுரம் இறக்கிவிட்டால் திறந்த தந்தியிலேயே ஆதார சட்ஜம் கிடைத்துவிடும். பேஸையும் அதே போல இறக்க மறக்காதீர்கள். நான் ஒரு தடவை மறந்தேன், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஆனால் கணக்கோடு நிறுத்தினால் தப்பு. கட்டை என்பது கிட்டத்தட்டச் சொல்கிற அளவு. கையால் கடைந்த மரக்குழல், நாணல் தட்டையில் செய்து வாயில் வைத்து ஊதும் சீவாளி, இவை டியூனர் அடிப்படையாக வைத்திருக்கும் 440 ஹெர்ட்ஸைப் பார்த்துப் பிறந்தவை இல்லை. முதல் கச்சேரியில் நாங்கள் கிடாரை டியூனர் சொன்ன டிக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஆசானின் சட்ஜம் அதற்குச் சற்று மேலே. முழுக் கச்சேரியும் அவர் உதட்டாலும் மூச்சாலும் சுரத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே வாசித்தார். மேடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேனில், குழித்துறைப் பாலம் தாண்டியதும், "மக்களே, இன்னைக்கு நான் வாசிக்கல, உங்க பின்னால ஓடினேன்" என்றார். எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒத்திகை நாளில் அவர் ஒரு பத்து நிமிஷம் வாசித்துக் குழல் சூடான பிறகு, சட்ஜத்தை நீளமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். டியூனரை எதிரில் வைத்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பாருங்கள். பிறகு டியூனரின் அடிப்படையை மாற்றுங்கள். பெரும்பாலான டியூனர்களில் 430 முதல் 450 வரை நகர்த்தலாம். 440-இல் இருந்து 445-க்குப் போனால் சுமார் 20 சென்ட் ஏறும், ஒரு அரை சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் இருபது பங்கு. கிடார், பேஸ் எல்லாம் அந்த எண்ணுக்கு. கீபோர்டில் ஃபைன் டியூன் என்று ஒன்று இருக்கும், அதையும் அதே எண்ணுக்கு. முன்பே பதிவு செய்த டிராக் ஓட்டுகிறவர்களாக இருந்தால் அதையும் மாற்றி எடுக்க வேண்டும், சோம்பல் பட்டால் மாட்டினீர்கள்.

கச்சேரி நாளில் இதைத் திரும்பவும் செய்ய வேண்டும். ஏசி அரங்கில் குழல் குளிர்ந்து சுருதி கொஞ்சம் இறங்கும், வாசிக்க வாசிக்க ஏறும். சித்திரை வெயில் ஆறாத திறந்த மைதானத்தில் தொடக்கத்திலேயே மேலே நிற்கும். மேடைக்குப் பக்கத்திலேயே அவர் ஊதிச் சூடு பண்ண ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். கல்லூரிகளில் அதற்கு வகுப்பறை கொடுப்பார்கள், பரிசுக் கோப்பைகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில்.

அப்புறம் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது. நாதஸ்வரத்தில் வருகிற இயல்பான அந்தர காந்தாரம் கிடாரின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கீழே உட்காரும். முழு மேஜர் கார்டு அடித்தால் இரண்டு காந்தாரமும் ஒன்றை ஒன்று உரசும், டிஸ்டார்ஷன் போட்டால் அந்த உரசல் பத்து மடங்காகக் கேட்கும். காந்தாரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள பவர் கார்டு அடியுங்கள், ராக்குக்கும் அதுதானே அழகு. நாதஸ்வரத்துக்கும் கனமான கிடாருக்கும் இவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று எனக்கு முதலில் தெரியாது, இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரு சட்ஜமும் ஒரு பஞ்சமமும் நிறைய மின்சாரமும்தான்.

என்ன வாசிப்பது

கிடார் கற்கிறவன் முதல் மாதத்திலேயே விரலில் ஏற்றிக்கொள்கிற மைனர் பென்டடானிக் என்கிற ஐந்து சுர வரிசை, சுரக் கணக்கில் நம் சுத்த தன்யாசி. மேஜர் பென்டடானிக் மோகனம். இந்த இரண்டில் தொடங்கினால் இரு பக்கமும் வீட்டில் இருப்பது போல இருக்கும். ஆனால் கிடார்காரர் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பை எழுதி நாதஸ்வரத்தை அதன் மேலேயே அதே சுரங்களை வாசிக்கச் சொல்வது மோசமான யோசனை. எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். கமகம் வளைந்து போகும், கிடார் கட்டம் கட்டமாக ஏறும், கேட்கிறவனுக்கு இரண்டு பேர் ஒரே கதவில் நுழைய முண்டுவது போல இருக்கும். ஒருத்தர் வாசிக்க மற்றவர் பதில் சொல்லட்டும். அல்லது அவர் ஆலாபனை பண்ணும்போது கிடார் ஒரே ஒரு பவர் கார்டை அடித்துவிட்டு அது ஓயும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். முன்பெல்லாம் ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் ஒத்து ஊதுகிறவர் செய்த வேலை அது, கேவலம் ஒன்றும் இல்லை. எங்கள் கிடார்காரனுக்கு இதைப் புரியவைக்க ஆறு மாதம் ஆனது.

முதல் இருபது விநாடி மட்டும் ஊதிவிட்டு ஓரமாக நிற்க வைப்பது இன்னொரு பழக்கம். போஸ்டருக்கு நன்றாக இருக்கும். ரசிகர்கள் "சும்மா ஷோவுக்கு" என்று சொல்வது இதைத்தான், சரியாகத்தான் சொல்கிறார்கள். பத்துப் பாட்டில் மூன்று நான்கில் மட்டும் வரட்டும், ஆனால் அந்த நான்கும் அவர் இல்லாமல் நிற்கக் கூடாத பாட்டாக இருக்கட்டும். பத்திலும் ஊதச் சொன்னால் உதடு தாங்காது.

தவிலும் கூட வேண்டுமா என்றால், வேண்டும், முடிந்தால். வித்துவான் காலம் பார்ப்பது தவிலைப் பார்த்துத்தான். தவிலும் ஸ்னேரும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம், அதனால் தவில் தனி வரும் இடத்தில் டிரம்மர் காலால் அடிக்கும் கிக்கையும் ஹைஹாட் சிம்பலையும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். காலம் காட்ட டிக் டிக் என்று ஓடும் கிளிக் டிராக் டிரம்மர் காதோடு நிற்கட்டும், வித்துவானின் காதில் அதை மாட்டாதீர்கள்.

மைக்

மைக் செட்காரர் நல்லவர்தான், ஆனால் நாதஸ்வரத்தைப் பார்த்ததும் அவர் கை தானாக மைக்கை அணசுக்குள் விடப் போகும். தடுங்கள். குழலின் எல்லாத் துளையும் மூடியிருக்கும் கீழ்ச் சுரத்துக்குத்தான் சத்தம் முழுக்க அணசு வழியாக வரும். மற்றச் சுரங்கள் திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவும் வெளியே போகின்றன. அணசுக்குள் மைக் வைத்தால் சில சுரம் குதிக்கும், சில சுரம் காணாமல் போகும். "அவரு ஏதோ விட்டு விட்டு வாசிக்காரு" என்று பின்னால் ஒருத்தன் சொன்னதற்குக் காரணம் இதுதான், விட்டு விட்டு எடுத்தது மைக்.

ஒன்றரை அடி தள்ளி, குழலின் கீழ்ப் பாதியை நோக்கி, கொஞ்சம் பக்கவாட்டாக ஒரு சாதாரண டைனமிக் மைக் போதும். ஷூர் எஸ்எம்57 இருந்தால் நல்லது, 58 இருந்தாலும் குறைச்சல் இல்லை. டிரம்முக்குப் பக்கத்தில் கண்டென்சர் மைக் வைக்காதீர்கள், சிம்பல் எல்லாம் அதில்தான் வந்து விழும். வித்துவான் ராக் பாடகரைப் போல மைக்கைக் கடித்துக்கொண்டு நிற்க மாட்டார், உடம்போடு குழலும் ஆடும், மேலே தூக்குவார், இறக்குவார். அந்த ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் வாசிப்பும் நின்றுவிடும். அதனால் தரையில் ஒரு சின்ன இன்சுலேஷன் டேப் ஒட்டி, "ஆசான், இதச் சுத்தி நின்னா போதும்" என்று சொல்லிவிட்டு மற்றதை மிக்ஸரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே இருப்பது என் பேஸும் மேடைப் பலகை அதிர்வும்தான். அடுத்து 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற பகுதி அது, நாதஸ்வரமும் அங்கே கத்தும், டிஸ்டார்ஷன் கிடாரும் அங்கே கத்தும். எல்லாரும் நாதஸ்வரத்தில் குறைப்பார்கள். நான் கிடாரில் மூன்று டெசிபல் குறைக்கிறேன், அதுவும் அவர் வாசிக்கிற பாட்டில் மட்டும். நாதஸ்வரத்தில் குறைத்தால் அது ஜலதோஷம் பிடித்தது போல ஆகிவிடும், அப்புறம் எதற்கு அதைக் கூட்டி வந்தோம்.

எக்கோ கொஞ்சம் வேண்டும். கோபுரத்துக்கு அடியிலும் நான்கு ரத வீதியிலும் கேட்டுப் பழகிய சத்தம் அது, கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்த சத்தம். மேடையில் காய்ந்து போன மாதிரி வந்தால் நம் காதே ஏற்காது. இருநூறு பேர் உட்காரும் சின்ன அரங்கமாக இருந்தால் மைக் வையுங்கள், ஆனால் ஃபேடரை (மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு பொத்தானை) அநேகமாகத் தொட வேண்டாம், குழல் தானே போய்ச் சேரும்.

நிற்கும் இடம்: டிரம்மில் இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல் குறையும். நாங்கள் டிரம்முக்கு எதிர் ஓரத்தில், என் பேஸ் ஆம்புக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். கால் வழியாக சட்ஜம் ஏறுகிறது, சௌகரியமாக இருக்கிறது என்றார்.

அவருக்கான மானிட்டரில் சுருதிப்பெட்டி, கொஞ்சம் கிக், கொஞ்சம் தவில், போதும். கிடாரை அதில் கொட்டாதீர்கள். காதில் மாட்டுகிற இயர் மானிட்டர் பலருக்குப் பிடிப்பதில்லை, ஊதும்போது தலைக்குள் அழுத்தம் வேறு மாதிரி இருக்கிறதாம். ஒரு காதில் மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

சீவாளிக்கு நேரம்

இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே அடிபட்டுக் கற்றது. ஒரு கச்சேரியில் பாட்டு வரிசையை மாற்றி, இருபத்தைந்து நிமிஷம் அவரைச் சும்மா நிற்க வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, புகையை விட்டு, ஒரே ஒரு வெளிச்சத்தை அவர் மேல் போட்டோம். முதல் சுரம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கூட்டத்தில் ஒரு விசில்.

சீவாளி காய்ந்துவிட்டது. குழலில் நூல் கட்டி மாற்றுச் சீவாளிகள் தொங்கும் பார்த்திருப்பீர்கள், அலங்காரம் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஒற்றை வெளிச்சத்திலேயே அவர் நிதானமாக ஒன்றைக் கழற்றினார், இன்னொன்றை வாயில் வைத்து ஈரப்படுத்தினார், எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்தார், விரலால் லேசாக அமுக்கினார், திரும்பவும் பார்த்தார், சீவாளி நிற்கும் சின்னக் குழாயான கெண்டையில் செருகினார். ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு யுகம். அப்புறம் ஊதினார் பாருங்கள். அந்த விசில் அடித்தவனே முதலில் கத்தினான்.

ஆகவே அவர் வரும் பாட்டுக்கு முந்தைய பாட்டின் கடைசிச் சரணத்தில் யாராவது ஒருத்தர் அவருக்குச் சைகை காட்ட வேண்டும். எங்களில் அது என் வேலை. குடிக்கச் சாதா வெள்ளம் வையுங்கள், ஐஸ் போட்டது வேண்டாம். இன்னொன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கடைசியில் அவசர அவசரமாகப் பாட்டை வெட்டுவார்கள், அப்போது வெட்டுப்படுவது எப்போதும் நாதஸ்வரப் பாட்டாகத்தான் இருக்கும். அதைக் கடைசியில் வைக்காதீர்கள்.

சண்டையைக் கேட்பது

கச்சேரி முடிந்ததும் வேனுக்குள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். சாயாக் கடைக்குப் போங்கள். பேண்ட் டீஷர்ட்டைக் கழற்றிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. யார் என்ன சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, "எங்கே நின்னு கேட்டீங்க?" இந்த ஒரு கேள்வியில் பாதிச் சண்டை கரைந்துவிடும்.

மிச்சத்தைப் பிரித்துப் பாருங்கள். "காது வலிக்கு" என்றால் மிக்ஸர், அந்த 3,000 ஹெர்ட்ஸ் பக்கம், இல்லை மைக் அணசைப் பார்க்கிறது. "கிடார் கேக்கல" என்று ஒருத்தன் சொல்லி "நாதஸ்வரம் கேக்கல" என்று இன்னொருத்தன் சொன்னால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாசித்திருக்கிறார்கள், பாட்டின் அமைப்பைத் திருத்துங்கள், ஃபேடரைத் தொட்டுப் பயன் இல்லை. "ஒட்டல", "தனியா நிக்கு" என்றால் சுருதி, டியூனரை எடுங்கள். "எதுக்கு வந்தாருன்னே தெரியல" என்றால் அவருக்குப் போதுமான இடம் கொடுக்கவில்லை. "ஏன் செண்டை வைக்கல?" என்று எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டாயம் ஒருத்தர் கேட்பார், பதினெட்டு வாத்தியமும் செண்டைக்குக் கீழே என்று சொல்கிற ஊர் அது. வைக்கலாம், தாராளமாக. சுருதித் தகராறு இல்லாத வாத்தியம், வேலையும் சுலபம், ஆனால் சிங்காரி மேளத்தில் இருபது பேர் அடிப்பதைக் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு ஒற்றைச் செண்டை சப்பென்று இருக்கும், அதையும் யோசியுங்கள். எங்கள் பக்கத்து வில்லிசைக் குடத்தை ஏற்றிப் பார்க்க எனக்கு ஓர் ஆசை உண்டு, அது வேறு கதை.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் ஒரு கூட்டம் மிஞ்சும். ராக் என்றால் கிடார், டிரம், பேஸ், இவ்வளவுதான், குழல் எல்லாம் கோயிலோடு நிற்கட்டும் என்பவர்கள் ஒரு பக்கம். கோயில் வாத்தியத்தைக் கொண்டுபோய் இந்தக் கூத்தில் நிறுத்துகிறீர்களே என்று வருத்தப்படுகிற பெரியவர்கள் இன்னொரு பக்கம். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் கேட்பது ஒன்றையே, இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும் என்று. இவர்களோடு வாதம் பண்ணுவதில்லை. அது ருசி, மிக்ஸரில் அதற்குப் பொத்தான் கிடையாது. ஆசானின் சொந்தத் தம்பியே இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார், வீட்டில் சாப்பிடும்போது கூட அந்தப் பேச்சு வருமாம். அவர் அதற்காக வாசிப்பை நிறுத்தவும் இல்லை, தம்பியை மாற்றப் போகிறேன் என்று கிளம்பவும் இல்லை.

போன மாசம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மைதானத்தில் வாசித்தோம். ஒத்திகையிலேயே சுருதி பார்த்து டியூனர் 444-இல் நின்றது, மைக் ஒன்றரை அடியில், சீவாளி ஈரத்தில். முடிந்ததும் வழக்கம் போலச் சாயாக் கடை. அந்தப் பழைய பையன், கல்யாண வீடு என்று சொன்னவன், அங்கே நிற்கிறான். எங்கே நின்னு கேட்டே என்றேன். மிக்ஸருக்குப் பக்கத்துலதான் அண்ணே என்றான். எப்படி இருந்தது என்றேன்.

"இப்பவும் கல்யாண வீடுதான் அண்ணே" என்றான். "ஆனா இந்தத் தடவை சாப்பாடு கொள்ளாம்."